ஸ்னாப்ஷாட் ஒன்றையும் விடாமல் புதிய டிஸ்குக்கு மாற

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டம் ஓடும் சர்வர் பெட்டியில் இடம் நிறைந்து பெரிய டிஸ்குகளுக்கு மாறப் போகிறவர்கள், தயவுசெய்து ஃபைல்களைக் காப்பி செய்து மாற்றாதீர்கள். ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி எடுத்துப்போவது இன்றைய ஃபைல்களை மட்டும்தான். போன மாதம் அழிந்த கணக்கை மீட்டுத் தரும் ஸ்னாப்ஷாட்டுகள் (டேட்டா ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவுகள்) பழைய டிஸ்கிலேயே நின்றுவிடும். அவற்றையும் ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்தால், 3 டெராபைட் (டிபி) டேட்டாவின் 40 ஸ்னாப்ஷாட்டுகளும் தலைக்கு 3 டிபியாக விரியும்.

இதற்கென்றே இருப்பது சென்ட், ரிசீவ் கட்டளைகள். ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறிய பிளாக்குகளை மட்டும் அனுப்புவதால் அளவு ஊதாது. பழைய டிஸ்குகளின் அமைப்பு மிரர் (ஒன்றுக்கு ஒன்று நகல்), புதியது ரெய்டு இசட் 2 (இரண்டு டிஸ்க் பழுதானாலும் தாங்குவது) என்றாலும் தடையில்லை.

முதலில் பழைய பூலை (டிஸ்குகள் சேர்ந்த தொகுப்பை) ஸ்கரப் செய்யுங்கள், அதாவது எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்க விடுங்கள். படிக்க முடியாத பிளாக் ஒன்று இருந்தாலும் சென்ட் பாதியில் நின்றுவிடும். புதிய பூலை ஆஷிஃப்ட் (செக்டர் அளவைக் குறிக்கும் அமைப்பு) 12 வைத்து உருவாக்குங்கள். 4096 பைட் செக்டர் டிஸ்குகளுக்கு அதுவே சரி, பிறகு மாற்ற முடியாது.

அடுத்து, பூல் முழுவதற்கும் ரிகர்சிவ் (உள்ளிருப்பவை எல்லாவற்றையும் சேர்த்த) ஸ்னாப்ஷாட் எடுத்து அதற்கு ஹோல்டு (அழிக்க விடாத பூட்டு) போடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்: பழைய ஸ்னாப்ஷாட்டுகளைத் தானாக அழிக்கும் ஸ்கிரிப்ட் இதையும் அழித்துவிட்டால், பிறகு மாறியதை மட்டும் அனுப்பும் இரண்டாம் சுற்றுக்கு அடித்தளமே இருக்காது, முதலிலிருந்து அனுப்ப வேண்டியதுதான்.

பிறகு அதை அனுப்புங்கள்: சென்டில் கேப்பிடல் ஆர் (-R), ரிசீவில் கேப்பிடல் எஃப் (-F), ஸ்மால் யூ (-u), ஸ்மால் எஸ் (-s) ஆப்ஷன்கள் வேண்டும். யூ இல்லாவிட்டால், கூடவே வந்த மவுன்ட்பாயின்ட் (எந்த ஃபோல்டரில் தெரிய வேண்டும் என்ற) அமைப்பின்படி புதிய டேட்டாசெட்டுகள் (பூலுக்குள் இருக்கும் தனித்தனி ஃபைல் சிஸ்டங்கள்) ஓடிக்கொண்டிருக்கும் பழையவற்றின் மேலேயே போய் மவுன்ட் ஆகும். எஸ் இருந்தால் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு டோக்கன் கிடைக்கும். ஆனால் அது தொடர்வது அறுந்த அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை மட்டும், மீதியைத் தனியாக அனுப்ப வேண்டும். என்கிரிப்ட் செய்த டேட்டாசெட் என்றால் சென்டில் ஸ்மால் டபிள்யூ (-w) கட்டாயம். அதை எஃப் போட்டுப் பூலின் வேரில் இறக்க முடியாது. எஃப் இல்லாமல், பூலுக்குள் புதிய பெயர் கொடுத்து இறக்குங்கள்.

ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் 4 டிபி போக ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். அதுவரை வேலை நடக்கட்டும். ஆனால் புதிய பூலில் எதையும் எழுதாதீர்கள். அடுத்த சுற்றில் எஃப் அதைத் துடைத்துவிடும்.

முடிந்ததும் சர்வீஸ்களை நிறுத்தி, இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்து, சென்டில் கேப்பிடல் ஐ (-I) சேர்த்து இடையில் மாறியதை மட்டும் அனுப்புங்கள். பெரும்பாலும் சில நிமிட வேலை.

சரிபார்க்கும்போது அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிஸ்க் அமைப்பு மாறினால் அளவும் மாறும். இரு பக்கமும் ஸ்னாப்ஷாட் பட்டியல் எடுத்து ஜியுஐடி (ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் உள்ள தனி அடையாள) எண்களை ஒப்பிடுங்கள், அவை அப்படியே பொருந்த வேண்டும். பிறகு புதிய பூலை ஸ்கரப் செய்து, பழையதை எக்ஸ்போர்ட் செய்து (கணினியிலிருந்து முறையாக விடுவித்து) கழற்றி வையுங்கள். ஒரு மாதமாவது அதை அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சேவைப் பிரிவு