சேலம் விமான நிலையம்: நிலம் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் விமான நிலைய விரிவாக்கம் என்றாலே பேச்சு ஓடுதளத்தின் நீளத்தில்தான் தொடங்குகிறது. ஆறாயிரம் அடியை எட்டாயிரம் அடியாக்க வேண்டும், அதற்குக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் 567 ஏக்கர் வேண்டும் என்று 2018-இல் எழுந்த திட்டம் விவசாயிகளின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நீளமான ஓடுதளம் வேண்டாம் என்பது எங்கள் வாதமல்ல. அது கடைசியாக வர வேண்டியது. முதலில் வர வேண்டிய செலவுகள் வேறு என்பதே நாங்கள் சொல்ல விரும்புவது.

ஓமலூர் அருகே 1993-இல் திறந்த இந்த நிலையம் பல ஆண்டுகள் வழக்கமான சேவை இல்லாமல் கிடந்தது. சிறு ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு மானியம் தரும் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏடிஆர் என்ற சிறிய உந்துவிசிறி விமானம் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. மூன்று ஆண்டு கழிந்து 2021-இல் அது நின்றது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபர் 16 முதல் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி சேவையைத் தொடங்கியது. அதே மாதக் கடைசியில் இண்டிகோ வந்தது. இடையில் விமானம் வராததற்கு ஓடுதளம் காரணமில்லை. அதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஏடிஆர் 72-600 முழு எடையுடன், கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் மேலெழ ஏறக்குறைய 1,315 மீட்டர் வேண்டும். சேலம் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 307 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுதளத் திட்டமிடலில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம் கூட்டுவார்கள்; ஆக 1,407 மீட்டர். அந்த உயரத்துக்கான இயல்பு வெப்பம் 13 டிகிரி. கோடை மதியம் 37 டிகிரி என்று வைத்தால் வித்தியாசம் 24 டிகிரி. டிகிரிக்கு ஒரு சதவீதம் கூட்ட வேண்டும். மொத்தம் சுமார் 1,745 மீட்டர் ஆகிறது. நம்மிடம் இருப்பது 1,806 மீட்டர். ஆக, கத்திரி வெயிலிலும் ஏடிஆர் நிறைந்த சுமையோடு கிளம்ப முடியும். ஓடுதளச் சரிவு, காற்று, ஈரம் ஆகியவற்றைச் சேர்த்து விமான நிறுவனம் தன் அட்டவணைப்படி சில கிலோவைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இதே கணக்கை ஏ320 என்ற பெரிய ஜெட் விமானத்துக்குப் போட்டால் கடல் மட்டத்தில் தேவைப்படும் 2,100 மீட்டர் என்பது ஏறத்தாழ 2,790 மீட்டராகிறது. எட்டாயிரம் அடி என்பது 2,438 மீட்டர். அதாவது நீட்டிய பிறகும் கோடையில் ஏ320 முழு எடையோடு எழும்பாது; எரிபொருள் குறைவாகத் தேவைப்படும் குறுந்தூர வழிகளுக்கே பயன்படும். 567 ஏக்கரைக் கேட்பவர்கள் இதை மக்களுக்கு விளக்க வேண்டும்.

நீளம் இருந்தால் விமானம் தானாக வந்துவிடும் என்பதற்கும் நாட்டில் சான்று இல்லை. 2023-இல் திறந்த சிவமொக்காவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம் போட்டார்கள். முதல் பயணிகள் சேவையாக வந்தது பெங்களூரிலிருந்து ஓர் ஏடிஆர்தான். உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில் 3.2 கி.மீ. ஓடுதளத்தோடு 2021-இல் பன்னாட்டு நிலையம் திறந்தார்கள். வழக்கமான சேவை அங்கே நிலைக்கவில்லை. தூத்துக்குடி போன பாதை வேறு. அங்கே வாகைகுளத்தில் உள்ள நிலையத்தின் 1,350 மீட்டர் ஓடுதளத்தில் சிறிய விமானங்கள் பல ஆண்டுகள் பறந்து பயணிகளைச் சேர்த்தன. கூட்டம் இருப்பது உறுதியான பிறகே 3,115 மீட்டராக நீட்டினார்கள். புதிய முனையத்தோடு சேர்த்துச் சுமார் 450 கோடி ரூபாய் செலவில் 2025 ஜூலையில் திறந்தார்கள். சேலத்துக்கு உகந்த வரிசை இதுதான்.

அப்படியானால் சேவை ஏன் நிற்கிறது? பணம் வரும் விதத்தைப் பார்க்க வேண்டும். உடானில் விமான நிறுவனம் பாதி இருக்கைகளை, ஒன்பதுக்குக் குறையாமலும் நாற்பதுக்கு மேற்படாமலும், உச்சவரம்புக் கட்டணத்தில் விற்க வேண்டும். அதனால் வரும் இழப்பை வயபிலிட்டி கேப் மானியம் ஈடுகட்டுகிறது. அதில் 80 சதவீதம் மத்திய நிதியிலிருந்து. அந்த நிதி பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களுக்கு விதிக்கும் தீர்வையிலிருந்து சேர்கிறது. மீதி 20 சதவீதம் மாநில அரசின் பங்கு. எல்லாம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். நான்காம் ஆண்டின் முதல் நாள் மானியம் முழுதாக நிற்கும். தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம் போன்ற சலுகைகளும் அதோடு போகும். படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடே கிடையாது. விளைவை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023 அறிக்கை காட்டுகிறது: ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை, தொடங்கிய 371-இல் 112 மட்டுமே மூன்று ஆண்டை முடித்தன, அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை பறந்துகொண்டிருந்தவை 54.

எரிபொருள் வரிச் சலுகையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தமிழகத்தில் விமான எரிபொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். உடான் நிலையத்தில் நிரப்பும் எரிபொருளுக்கு 1 சதவீதம்தான். சலுகை பெரியது. ஆனால் எரிபொருள் வண்டியும் சேமிப்புத் தொட்டியும் இல்லாத சிறு நிலையத்தில் நிரப்ப முடியாது. விமானம் திரும்பிப்போகும் எரிபொருளையும் சென்னையிலேயே 29 சதவீத வரி கட்டி ஏற்றிவரும். அந்தக் கூடுதல் எடைக்கும் சேர்த்து எரிக்கும். எனவே சேலத்தில் தினமும் எல்லா நேரமும் எரிபொருள் கிடைப்பதற்கு எண்ணெய் நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இதற்குச் சொற்பச் செலவுதான்.

அடுத்தது வானிலை. பயணியின் நம்பிக்கையைக் குலைப்பது இதுதான். கண்ணால் பார்த்து இறங்கும் முறையில் பார்வைத் தூரம் 5 கி.மீ. வேண்டும், மேகம் 1,500 அடிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. மார்கழி, தை மாதக் காலைப் பனியில் ஓமலூர்ப் பக்கம் இது எத்தனை நாள் கிடைக்கும்? காலை விமானம் பெங்களூருக்குத் திருப்பப்பட்டால் அன்று அந்த விமானம் போக வேண்டிய மற்ற ஊர்களும் குலைந்துபோகும். நிறுவனம் நேரத்தை நண்பகலுக்கு மாற்றும். நண்பகல் விமானத்தில் ஒரே நாளில் வேலை முடித்துத் திரும்ப வழியில்லை. வணிகப் பயணி விலகுவார். அதிகக் கட்டணம் கொடுக்கக்கூடியவர் அவர்தான்.

இதற்குத் தரையில் விலைமிக்க கருவி நிறுவித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன் செயற்கைக்கோள் வழிகாட்டலைக் கொண்டு 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் இண்டிகோவின் ஏடிஆர் இறங்கிக் காட்டியது. சேலத்துக்கு இதை ஓடுதளத்தின் இரு முனைக்கும் தனித்தனியே வடிவமைக்க வேண்டும். கிழக்கே சேர்வராயன் மலை இருப்பதால் இரு பக்கமும் ஒரே இறங்கு உயரம் கிடைக்காமல் போகலாம். எந்த முனைக்கு எத்தனை அடி, எத்தனை மீட்டர் பார்வைத் தூரம் என்பதை ஆணையம் வெளிப்படையாகச் சொல்லட்டும். அணுகுவிளக்குகளும் இரவு விளக்குகளும் அதோடு சேர்ந்தவை. கட்டுப்பாட்டுக் கோபுரம் எத்தனை மணி வரை இயங்குகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பணிநேரம் முடிந்த பின் வரும் தாமதமான விமானம் இறங்க முடியாது. ஒரு பணிமுறை ஆட்களைக் கூட்டினால் மாலைச் சேவைகள் ரத்தாவது பெருமளவு குறையும்.

தீயணைப்பிலும் இதே கணக்குதான். விமானத்தின் அளவைப் பொறுத்து நிலையத்தின் தீயணைப்புப் பிரிவு மாறும். ஏடிஆர் 72 வரும் வரை ஐந்தாம் பிரிவு போதும்: ஒரு வண்டி, நுரைக்கான தண்ணீர் 5,400 லிட்டர். ஏ320 வழக்கமாக வந்தால் ஆறாம் பிரிவு: இரண்டு வண்டி, 7,900 லிட்டர், அதற்கேற்ற ஆட்கள் எல்லாப் பணிமுறையிலும். விமானம் வராத நாளிலும் இந்தச் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். நீட்டிப்புச் செலவைச் சொல்பவர்கள் ஆண்டுதோறும் வரும் இந்தச் செலவைக் கணக்கில் காட்டுவதில்லை.

இப்போது பணம். மூன்றாண்டு மானியம் முடியும் வழித்தடங்களுக்கு மாநில அரசு இருக்கை உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும். மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ அதை நிர்வகிக்கலாம். கணக்கு எளிது. 78 இருக்கை ஏடிஆரில் 50 இருக்கைக்கு, தலா 2,500 ரூபாய் என்று உத்தரவாதம் கொடுப்பதாக வைப்போம். ஒரு பயணத்தில் 42 பேர் ஏறினால் குறையும் 8 இருக்கைக்கு 20,000 ரூபாய் நிதி தரும். தினம் போக வர என்றால் 40,000; ஆண்டுக்கு 1 கோடியே 46 லட்சம். 30 பேர்தான் ஏறுகிறார்கள் என்ற மோசமான நிலையிலும் ஆண்டுக்கு 3 கோடியே 65 லட்சம். தூத்துக்குடியில் செலவான தொகையில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. 50 பேருக்கு மேல் ஏறினால் நிதியிலிருந்து ஒரு பைசா போகாது.

நிபந்தனைகள் கறாராக இருக்க வேண்டும். பறந்த விமானத்துக்கு மட்டுமே பணம், ரத்தானால் இல்லை. பயணிகள் பட்டியலை வைத்து மாதக் கடைசியில் சரிபார்த்த பிறகே பட்டுவாடா. காலை ஒன்பதுக்குள் கிளம்பி மாலையில் திரும்பும் நேரம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். உத்தரவாதம் இரண்டாம் ஆண்டில் 45 இருக்கை, மூன்றாம் ஆண்டில் 40 என இறங்க வேண்டும். மானியம் முடிந்ததும் அரசுக்கு மிச்சமாகும் 20 சதவீதப் பங்கை இதற்குத் திருப்பினாலே நல்ல தொடக்கம். தொழில்துறையும் கை கொடுக்கலாம்: இருபது நிறுவனங்கள் மாதம் முப்பது இருக்கைகளை முன்கூட்டி வாங்கினால் அறுநூறு இருக்கை. தினம் ஒரு முறை போக வர என்றால் பயணத்துக்குப் பத்து இருக்கை விற்றாயிற்று. உருக்காலை, ஜவுளி, வெள்ளி, சேகோ வணிகம் இருக்கிற மாவட்டத்தில் இது எட்டாத எண்ணிக்கை அல்ல.

எந்த வழித்தடத்துக்கு இந்தப் பணம் என்பதையும் யோசிக்க வேண்டும். சென்னைக்குப் போக இரவு முழுதும் ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸும், நான்கு மணி நேரத்துக்குள் சேர்க்கும் வந்தே பாரத்தும் இருக்கின்றன. டில்லிக்கோ மும்பைக்கோ போகிறவர்தான் இன்று கார் பிடித்துக் கோவைக்கோ, பெங்களூரு நகரைத் தாண்டித் தேவனஹள்ளியில் உள்ள விமான நிலையத்துக்கோ போகிறார். அவரை ஓமலூருக்கு இழுக்க வேண்டுமானால் ஐதராபாத் வழியாக ஒரே டிக்கெட், சேலத்திலேயே கடைசி ஊர் வரை பெட்டி பதிவு, இரண்டு மணி நேரத்துக்கு மிகாத இணைப்பு ஆகியவை வேண்டும். நிலையத்திலிருந்து சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு விமான நேரத்தையொட்டி ஓர் அரசுப் பேருந்தும் வேண்டும்.

நிலத்துக்கு வருவோம். இப்போதைய 1,806 மீட்டர் ஓடுதளத்துக்குக் கருவி வழி இறங்குதலுக்காகச் சுற்றிலும் தடையில்லாமல் வைக்க வேண்டிய பட்டையின் முழு அகலம் 280 மீட்டர். இரு முனையிலும் 60 மீட்டர் சேர்த்தால் சுமார் 133 ஏக்கர். முனைகளில் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதிக்கு 11 ஏக்கர். ஒரு முனையில் 900 மீட்டர் அணுகுவிளக்கு வரிசைக்கு 27 ஏக்கர். மொத்தம் ஏறத்தாழ 170 ஏக்கர். இதில் பெரும்பகுதி ஏற்கெனவே நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது. மிச்சம் எவ்வளவு, எந்தச் சர்வே எண்களில் என்பதை ஆணையம் வரைபடத்தோடு நான்கு ஊராட்சிகளிலும் ஒட்ட வேண்டும். நெல்லும் பாக்கும் விளையும் நிலத்தை விடச் சொல்லும்போது, எந்தத் துண்டு எதற்கு என்று உடையவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஓடுதள நீட்டிப்புக்கான நிலத்தை, தொடர்ந்து இரண்டு ஆண்டு தினம் ஆறு ஏடிஆர் சேவைகள் முக்கால்வாசி நிறைந்து பறந்த பிறகு கேட்கலாம். அந்த அளவுகோலை இப்போதே அரசாணையாக வெளியிட வேண்டும் என்று முதல்வரையும், சேலம் நாடாளுமன்ற உறுப்பினரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.