வெல்டிங் பள்ளிக் கணக்கு

அன்புள்ள முருகா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். வெல்டிங் பயிற்சிப் பள்ளி தொடங்கப்போகிறாய் என்பதைச் சுப்பு சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? அந்தக் கோபம் இருக்கட்டும், நேரில் தீர்த்துக்கொள்கிறேன். அவன் காட்டிய உன் வரவு செலவுத் தாளைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்புதான்.

மொத்தச் செலவை 20 பேருக்கு வகுத்துக் கட்டணம் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு பேட்ச்சும் நிரம்பும் என்று உனக்கு யாரடா வாக்குக் கொடுத்தது? வாடகை, பயிற்றுநர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் 20 பேர் வந்தாலும் 14 பேர் வந்தாலும் ஒன்றுதான். 14 பேர் என்றால் தலைக்கு விழும் நிலைச் செலவு ஏறக்குறைய 43 சதவீதம் கூடிவிடும். பாதியில் நின்றுபோகிறவர்கள் வேறு. முடித்து வேலைக்குப் போகும் ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகிறது என்பதைத் தனியாகப் போட்டுப் பார். உன் பள்ளியின் உண்மையான விலை அதுதான்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. கணக்கு இடித்ததும் நீ முதலில் கைவைத்த இடம் பையன்கள் பழகும் வெல்டிங் ராடும் இரும்புத் தகடும். அங்கே மட்டும் குறைக்காதே! பையன் கையில் எத்தனை ராடு எரிகிறதோ அவ்வளவுதான் அவனுக்குத் தொழில் வரும். படுக்கை வாட்டத்தில் கொஞ்சம் இழுத்துப் பழகிவிட்டு, தலைக்கு மேல் ஒரு ஜாயின்டும் போடாமல் சான்றிதழ் வாங்கிப் போகிறவனை எந்தப் பட்டறை வைத்துக்கொள்ளும்? சிக்கனம் வேண்டுமானால் பயன்படுத்திய தகடுகளை வெட்டி மறுபடி பழகக் கொடு. வரவேற்பறைக்கு எழுதிய குளிர்சாதனத்தை அடித்துவிடு. புகைபோக்கி விசிறியை அடிக்காதே.

பணம் எங்கிருந்து வரும் என்பதிலும் நீ அவசரப்படுகிறாய். பல அரசுப் பயிற்சித் திட்டங்களில் பணத்தைச் சேர்க்கைக்கு ஒரு பங்கு, தேர்ச்சிக்கு ஒரு பங்கு, வேலை கிடைத்தபின் மீதி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். சம்பளமோ மாதாமாதம் போயாக வேண்டும். இந்த இடைவெளியைத் தாங்கக் கையில் பணம் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. அதற்காக வீட்டை அடகு வைக்கும் யோசனை இருந்தால், முருகா, இப்போதே விட்டுவிடு. மாணவர்கள் வேலைக்குப் போனபின் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து தரலாம் என்கிறாயே, நல்லதுதான். ஆனால் இந்த வருமானத்துக்குக் கீழே இருந்தால் தர வேண்டாம், மொத்தம் இதற்கு மேல் போகாது, இத்தனை ஆண்டோடு முடிந்தது என்று மூன்றையும் எழுதிக் கொடு. இல்லையென்றால் அது கந்துவட்டி.

முதலாளிகள் தாமாகக் கொடுப்பார்கள் என்று நம்பாதே. எங்கும் செல்லுபடியாகும் திறமைக்கு முதலாளி செலவு செய்யத் தயங்குவான், கற்றவன் அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம் என்பதால். பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் இதை 1960களிலேயே விளக்கிவிட்டார். அதனால்தான் சில நாடுகள் சட்டம் போட்டே வசூலிக்கின்றன. பிரேசிலில் 1942-இல் தொடங்கிய செனாய் என்ற தொழிற்பயிற்சி அமைப்பு, தொழிற்சாலைகளின் சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் வாங்கி நடக்கிறது. பிரிட்டன் 2017-இல் பெரிய நிறுவனங்களுக்குச் சம்பளத் தொகையில் 0.5 சதவீதம் விதித்தது. அப்படிச் சட்டம் உன் பக்கம் இல்லாவிட்டால் பணமாகக் கேட்காதே. கழிவுத் தகடு, பழைய இயந்திரம், வாரத்தில் ஒரு நாள் அவர்களுடைய ஃபோர்மேன் என்று கேள், கொடுப்பார்கள்.

14 பேருக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டு அனுப்பு. அதுவரை இடத்துக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
சேகர்