அந்தப் பாட்டைச் சுருக்காதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கண்ணா,

உன் 11 நிமிடத் தவில் பாட்டை அப்பாவும் நானும் இரண்டு தடவை கேட்டுவிட்டோம். நீ பாட்டை அனுப்பிய இசைக் கம்பெனியிலிருந்து வந்த பதிலையும் படித்தோம். மூன்று நிமிடமாகச் சுருக்க வேண்டுமாம், எடுத்த எடுப்பிலேயே குரல் வர வேண்டுமாம். போனில் நீ சரியாகவே பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தேரியில் ஒரு கேசட் கம்பெனியில் கணக்கு எழுதியவள் நான். எதை வெளியிடுவது என்று பேசும்போது லெட்ஜரோடு என்னையும் உட்கார வைப்பார்கள். இசை தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. புதுமாதிரி டேப் ஒன்று வந்தால் ஆசையாகக் கேட்பார்கள். அப்புறம் யாராவது, "கடைக்காரர் இதை எந்த வரிசையில் வைப்பார்?" என்று கேட்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சினிமாப் பாட்டுக்கு இந்தக் கேள்வியே வராது. போஸ்டரும் நடிகரும் பாட்டுக்கும் சேர்த்து விளம்பரம் செய்துவிடுவார்கள். பக்திப் பாட்டுக்குப் பண்டிகை இருக்கிறது. உன்னுடையதைப் போன்ற இசைக்குக் கேட்கிற ஆளைக் கம்பெனியேதான் தேடிப் பிடிக்க வேண்டும். கேசட் போடுவதைவிட அந்தத் தேடலுக்குத்தான் செலவு அதிகம். வெளியிடுகிறவற்றில் பெரும்பாலானவை போட்ட பணத்தையே எடுக்காது; ஒன்றிரண்டு ஹிட்தான் எல்லா நஷ்டத்தையும் சுமக்கும். அப்படியிருக்க, போன வருடம் ஓடியதைப் போலவே இன்னொன்று செய்யத்தான் யாருக்கும் கை போகும்.

இப்போது கடைக்குப் பதில் பிளேலிஸ்ட். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 11 நிமிடம் முழுதாகக் கேட்டாலும் அதே ஒன்றுதான். 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணமே இல்லை. உன் பாட்டிலோ தவில் நுழையவே இரண்டு நிமிடம் ஆகிறது. குரலை முன்னால் கொண்டுவா என்று அவர்கள் சொன்னது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மார்ச் 31ல் மூடுகிற கணக்கில் இசையின் ஆயுள் தெரியாது. விக்கு விநாயக்ராமின் கடமும் எல். சங்கரின் வயலினும் சேர்ந்த சக்தி குழுவுக்கு 1976, 77ல் கொலம்பியா என்ற பெரிய கம்பெனி மூன்று இசைத்தட்டுகள் போட்டது, அவ்வளவுதான். அதே சங்கர் பிறகு ஜெர்மனியின் ஈசிஎம்முக்கு வாசித்தார். அது 1969ல் மியூனிக்கில் ஆரம்பித்த சின்ன கம்பெனி. 1975ல் கீத் ஜாரெட் என்ற அமெரிக்கக் கலைஞர் தனியாகப் பியானோவில், முன்கூட்டி எழுதி வைக்காமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்த கச்சேரியை அவர்கள் வெளியிட்டார்கள். எங்கள் கேசட் கம்பெனியில் யாரும் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள். அது 30 லட்சத்துக்கு மேல் விற்றது, இன்றும் விற்கிறது. ஒரே நாளில் இல்லை, கண்ணா, வருடக்கணக்கில். காத்திருக்க முடிந்த கம்பெனிக்குத்தான் அந்தப் பணம் கிடைத்தது.

தில்லியின் இந்தியன் ஓஷன் இசைக்குழுவினர் 2010ல் கம்பெனியே வேண்டாம் என்று தங்கள் ஆல்பத்தை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதற்குள் கேட்கிற கூட்டம் சேர்ந்திருந்தது. உனக்கு இன்னும் சேரவில்லை, அதனால் அதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். பெங்களூரில் சின்னச் சின்ன இடங்களில் வாசித்துக்கொண்டே இரு. கச்சேரிக்கு வருகிறவர்களின் மெயில் முகவரியை வாங்கி வை. பாட்டைச் சுருக்காதே. தவில் வரும்வரை காத்திருக்க வைக்கிற அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அப்பாவுக்கும்தான்.

வேறு கம்பெனி கூப்பிட்டால் போய்ப் பேசு. ஆனால் அட்வான்ஸைப் பார்த்து மயங்காதே. ரெக்கார்டிங், வீடியோ, விளம்பரம் என்று அதை உன் பங்கிலிருந்தே கழித்துக்கொண்டுதான் மிச்சம் தருவார்கள். இசையமைத்தவனுக்கு வர வேண்டிய ராயல்டியை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாஸ்டர் ரெக்கார்டிங், அதாவது பாட்டின் மூல ஒலிப்பதிவு, அப்படியில்லை. அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போனதுதான். எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாத ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு அனுப்பு. எல்லாப் பக்கத்தையும் அனுப்பு, கடைசியில் இருக்கிற அட்டவணையையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா