பாட்டிகோலின் கணுக்கால்

மக்களே,

கணுக்காலில் மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு இரண்டாவது பாதி முழுக்க ஆடினேன் என்று போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டு, நீ அடித்த கோல் கதைக்குப் போய்விட்டாய். கோல் கதையை ரசித்துத்தான் கேட்டேன். ஆனால் அந்த ஒரு வரி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

என் ஆள் யார் என்று உனக்குத் தெரியும். தூத்தூரில் என் வயதுப் பையன்கள் எல்லாரும் மரடோனா, மரடோனா என்று கிடந்தபோது எனக்கு அதே அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் கேப்ரியேல் பாட்டிஸ்டூட்டாதான், ரசிகர்களுக்கு பாட்டிகோல். 1994 உலகக் கோப்பையில் கிரீஸுக்கு எதிராக மூன்று கோல், சரியாக நாலு வருடம் கழித்து அதே ஜூன் 21ஆம் தேதி பாரிஸில் ஜமைக்காவுக்கு எதிராக மறுபடியும் மூன்று. இரண்டு வெவ்வேறு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக் அடித்தவர் அதுவரை யாருமே இல்லை.

அவர் பிறவியிலேயே பந்தோடு வந்தவர் இல்லை என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. அர்ஜென்டினாவின் வடக்கே ரெகொன்கிஸ்டா என்ற ஊரில் வளர்ந்தவர், சின்ன வயதில் ஆடியது கூடைப்பந்து. ரோசாரியோவில் நியூவெல்ஸ் அணிக்கு வந்தபோது உடம்பு கனம், ஓட்டம் மந்தம், வீட்டு ஏக்கம் வேறு. பயிற்சியாளர் பியெல்சாதான் சாப்பாட்டைக் குறைத்து ஆளைத் தேற்றினார். ரிவர் பிளேட் அணியில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், போகா அணிக்குப் போய்க் கோல் கோலாக அடித்தார், 1991இல் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா போட்டியில் அதிக கோல் அடித்து, அந்த வருடமே இத்தாலிக்கு ஃபியோரென்டினா அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் நம்முடைய விஷயம் வருகிறது. 1993இல் ஃபியோரென்டினா இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அவரை வாங்கப் பெரிய அணிகள் இருந்தும் ஆள் அங்கேயே இருந்தார், கூடவே இறங்கி, அணியை மேலே கொண்டுவந்தார். வந்த கையோடு 1994-95 சீசனின் முதல் 11 ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல், சீசன் முடிவில் 26. அந்தக் காலத்து இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம், பந்து போனாலும் ஆளை விடமாட்டார்கள். இவரோ நெளிந்து தப்பிக்கிற ஆட்டக்காரர் இல்லை, உடம்பின் மொத்தக் கனத்தையும் ஒரு காலில் ஊன்றி மற்ற காலால் வெடி மாதிரி அடிப்பவர். ஒன்பது சீசன் அப்படி ஆடி, இத்தாலியின் முதல் பிரிவு லீகான சீரி ஆவில் மட்டும் அந்த அணிக்கு 152 கோல். அப்புறம் 2000இல் ரோமாவுக்குப் போய் 20 கோல் அடித்து லீகையும் ஜெயித்தார். பழைய அணிக்கு எதிராகவே கோல் அடிக்க வேண்டி வந்தபோது மைதானத்தில் அழுதாரே, அந்த வீடியோவை உனக்கு எத்தனை தடவை காட்டியிருப்பேன்!

நான் காட்டாத பகுதி இனிமேல்தான். கத்தாரில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு 2005இல் நிறுத்தினார். நிறுத்திய கொஞ்ச நாளிலேயே நடக்க முடியாமல் போய்விட்டது. கழிவறை நாலு எட்டு தூரத்தில் இருந்தும் வலியால் எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்ததாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். மருத்துவரிடம் போய், என் கால்களை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார், மக்களே. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. கணுக்காலில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. மருத்துவர் வெட்ட மறுத்து, பின்னால் ஒரு கணுக்காலை ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். உலகமே கொண்டாடிய கால் அது, அவருக்கு நடக்க உதவவில்லை.

உனக்கும் கனமான ஷாட், உனக்கும் இடது கால்தான் ஊன்றுகால், வீங்கியிருப்பதும் அதுதான். வலி தெரியாமல் இருப்பதற்கு ஊசி போட்டால் வலிதான் போகும், உள்ளே கிழிந்திருப்பது கிழிந்தபடியே இருக்கும், மரத்துப்போன காலோடு நீ இன்னும் பலமாக ஊன்றுவாய், அதுதான் எனக்குப் பயம். "நீ இல்லாவிட்டால் அணி என்ன ஆகும்" என்று அங்கே உன்னிடம் கேட்கிறார்கள் என்றாய். 1999 பிப்ரவரியில் ஃபியோரென்டினா பட்டியலில் முதலிடத்தில் இருந்த நேரத்தில் பாட்டிஸ்டூட்டாவுக்கு முழங்காலில் அடி, ஆட முடியவில்லை. அணி சறுக்கியது உண்மை, லீக் கோப்பை கை நழுவியதும் உண்மை. ஆனாலும் மூன்றாம் இடத்தில் முடித்தார்கள், ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்குப் போனார்கள், அதே வருட அக்டோபரில் லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தின் ஆர்செனல் அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டார் பார், அது அந்த முழங்காலோடு திரும்பி வந்து போட்டது. உட்கார்ந்து தேறி வந்தவன் போட்ட கோல்.

உன்னை விளையாட்டை விடச் சொல்லவில்லை, அதை என் வாயால் நான் சொல்லவே மாட்டேன். இந்த ஞாயிறு ஆட வேண்டாம். முதலில் எம்ஆர்ஐ எடு, கிளப் ஆள் அல்லாத ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டு, அவர் எத்தனை வாரம் சொல்கிறாரோ அத்தனை வாரம் உட்கார். ஒப்பந்தத்தில் கை வைப்பார்கள் என்று பயப்படாதே, வைத்தால் நாம் பேசிக்கொள்ளலாம், நான் கிளம்பி வருகிறேன். ஸ்கேனுக்கான பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், வேறு எதற்கும் எடுக்காதே. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா