இடது கைக்காரிக்கு

குலசேகரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கரப்பானுக்கு,

ஓணான் எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? புது மருமகள் வந்தபின் அடுக்களையில் உனக்கு நிற்க இடம் கிடைக்கிறதா? இங்கே மழை விட்டபாடில்லை; பாதி நாள் ரப்பர்ப் பால் வெட்டு கிடையாது. மற்ற ஊர்ச் செய்திகளை உன் தம்பி மனைவி எனக்கு முன்பே ஒலிபரப்பியிருப்பாள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். செயலிழந்த வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சில் நினைக்கிற சொல் ஒன்று, வருகிற சொல் வேறொன்று. காப்பி வேண்டுமென்றால் "சைக்கிள்" என்கிறார். நாங்களும் பழகிவிட்டோம், சைக்கிளில் சர்க்கரை குறைத்துப் போட்டுக் கொடுக்கிறோம். ஓணத்துக்கு ஊருக்குப் போன ஹோம் நர்ஸ் திரும்பவில்லை. அண்ணன் மஸ்கட்டிலிருந்து வாரம் தவறாமல் ஆலோசனை அனுப்புகிறான். ஆலோசனைக்குச் சுங்கம் கிடையாதல்லவா, தாராளமாகவே அனுப்புகிறான்.

புலம்புவதற்காக எழுதவில்லை. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அதைச் சொல்ல ஒரு கதை வேண்டியிருக்கிறது, கொஞ்சம் நீளம்.

நான் படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டாயா? சரி, மேலே படி. கல்லூரி ரெக்கார்டு நோட்டில் என் மண்புழுவைப் பார்த்து நம் துறைத்தலைவர் எச்.ஓ.டி. கேட்ட கேள்வி உனக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது என்று தெரியும். அதே கைதான்.

இரவில் அப்பாவின் கட்டிலருகே விழித்திருக்க வேண்டியிருக்கிறது. டி.வி. போட்டால் அவர் எழுந்துவிடுவார். புத்தகம் எடுத்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் தலையணை நகரும், தண்ணீர் வேண்டியிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தேட வேண்டும். கோடு போடுவதில் அந்தத் தொல்லை இல்லை. எங்கே விட்டாலும் அடுத்த கோட்டிலிருந்து தொடரலாம். இந்த வழியைக் காட்டியவர் சந்தை ரோட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டிராயிங் சார். அப்பாவைப் பார்க்க வந்தவர், மருந்துச் சீட்டின் பின்னால் நான் பென்சிலால் கிறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டார். "பென்சிலைத் தூர வை மக்களே, பேனாவை எடு" என்றார். பென்சில் இருந்தால் ரப்பரைத் தேடுவேனாம், விரலால் தேய்த்துவிட்டு அதற்கு நிழல் என்று பெயர் வைப்பேனாம். ரப்பர்த் தோட்டத்துக்காரர் மகளிடம் ரப்பர் கூடாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

முதல் பாடம் ஏழு கட்டங்கள். முதல் கட்டம் வெறும் தாள், ஏழாவது ஏறக்குறையக் கறுப்பு. நடுவில் இருப்பவற்றைக் கோடுகளால் மட்டுமே படிப்படியாக இருட்டாக்க வேண்டும். ஒரே பேனா, ஒரே அழுத்தம். இரண்டாவதில் ஒரே சாய்வில், இடைவெளி விட்டு இணைகோடுகள். மூன்றாவதில் அதே கோடுகள் நெருங்கி வரும். இதுவரை ஹாட்சிங். நான்காவதில் அதன் மேல் வேறு சாய்வில் இன்னோர் அடுக்கு ஏறும், அதுதான் கிராஸ் ஹாட்சிங். பிறகு மூன்றாவது அடுக்கு, நான்காவது அடுக்கு. எழுதும்போது எளிதாக இருக்கிறது. என் நான்காவது கட்டம் ஆறாவதைவிடக் கறுத்துப்போய் நின்றது.

இரண்டாவது அடுக்கை நான் நேர்செங்குத்தாக, 90 டிகிரியில் போட்டிருந்தேன். "இது நிழலா, கொசுவலையா?" என்றார் சார். செங்குத்தாக வெட்டினால் சதுரங்கள் பிறக்கும். கண் நிழலைப் பார்க்காமல் கட்டங்களை எண்ண ஆரம்பித்துவிடும். 30 டிகிரி போலக் குறுகலாக வெட்டினால் இடையில் நீண்ட வைர வடிவத்தில் மெல்லிய வெள்ளை மிஞ்சும், இரண்டு அடுக்கும் கலந்து கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும். தாளில் சாம்பல் எங்கும் இல்லை, கறுப்பும் வெள்ளையும்தான் இருக்கின்றன. எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

அடுத்தது கோட்டின் நுனி. பேனா ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளைவிட்டு எழும்ப வேண்டும், விமானம் மாதிரி என்று சார் கையால் காட்டுவார். நான் நிறுத்திவிட்டு எடுத்தேன். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு மைப்பொட்டு, சில இடங்களில் சிறு கொக்கி. அவையெல்லாம் வரிசையாகச் சேர்ந்ததும், வெளிச்சத்துக்குள் கரைய வேண்டிய நிழலுக்கு ஓரத்தில் கறுப்புக் கரை கட்டிவிட்டது. இதற்காக மட்டும் பக்கம் பக்கமாகக் கோடு போட்டேன். அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டு "இதில் என்ன படம்?" என்றான். படம் இல்லை, கோடு என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான்தான் துண்டித்தேன்.

படம் வரைகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், எல்லோருக்கும் கிராஸ் ஹாட்சிங் மீதுதான் மோகம். என் கருத்தைக் கேட்டால், ஓர் அடுக்கை ஒழுங்காகப் போடத் தெரியாததை மறைப்பதற்குத்தான் பாதிப்பேர் குறுக்கே கோடு போடுகிறார்கள். உன் பையில் 500 ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்து லென்ஸ் வைத்துக் காந்தியைப் பார். கோட்டின் நெருக்கமும் தடிமனும்தான் அங்கே கன்னமாகவும் கழுத்தாகவும் ஆகியிருக்கின்றன. சாருக்கு இரண்டு தெய்வங்கள்: ஓவியர்கள் சில்பி, ஆதிமூலம். கோயில் சிற்பத்தின் வளைவு கொஞ்சமும் பிசகாமல் வரைந்தவர் ஒருவர். தாறுமாறாகத் தெரியும் கோடுகளிலிருந்தே காந்தியையும் ராஜாக்களையும் எழுப்பியவர் மற்றவர். இரண்டு பேரையும் ஒரே மனிதர் எப்படிக் கும்பிட முடியும் என்று முதலில் குழம்பினேன். இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

விலங்கியல்காரி உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். 1515-இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் ஒரு காண்டாமிருகத்தை வரைந்தார். குஜராத் சுல்தான் பரிசாகக் கொடுத்து, கப்பலில் லிஸ்பனுக்குப் போன மிருகம். டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. யாரோ எழுதியதையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு வரைந்துவிட்டார். முதுகில் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு! நம் எச்.ஓ.டி. பார்த்திருந்தால் ரெக்கார்டு ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும். ஆனால் நிழலைப் பார்க்க வேண்டும். அது மர அச்சு. மரத்தில் கறுப்பாக வர வேண்டிய கோட்டை நிற்கவிட்டு மற்றதையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். குறுக்குக்கோடு வேண்டுமென்றால் நடுவில் வரும் ஒவ்வொரு வெள்ளைப் பொட்டையும் தனித்தனியாகத் தோண்ட வேண்டும். பேனாக்காரர்கள் ஒரு நொடியில் போடுவதற்கு அங்கே கண் போய்விடும். நமக்கு லேப்பில் புள்ளிதான் வைக்கச் சொன்னார்கள், கோட்டு நிழல் போட்டால் அடிதான். அந்தக் கோபமும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தி வந்து அப்பாவோடு இருந்த ஒரு நாள், சார் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகச் சொன்னார். திங்கள் விடுமுறை என்பதையும் அவரே நினைவூட்டினார். அந்தக் கறுப்புத் தரையை வரைவதற்காகத்தான். தரைக்குக் கிடைக்கோடு, ஜன்னல் அழிகளின் ஒளி தரையில் விழுந்து மின்னும் இடத்துக்கு நிற்கும் கோடு, இரண்டும் மோதுகிற இடத்தில் பளபளப்பு வந்துவிடுகிறது. முதல் தடவையே வந்தது, நம்பு. மற்றபடி அன்று செருப்பைத் தொலைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மழை விட்ட ஒரு காலையில், அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ரப்பர் மரத்தை வரைந்தேன். உருளை, பாடத்தில் வந்ததுதான். கோடுகள் மரத்தைச் சுற்றி வளைந்து போக வேண்டும். வெளிச்சம் படும் பக்கத்தில் தாளை விட்டுவிட வேண்டும். மிக ஆழ்ந்த கறுப்பு ஓரத்தில் இருக்காது, சற்று உள்ளே இருக்கும். சுற்றிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஓரத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்துவிடும். பால் பிடிக்கக் கம்பியில் தொங்கும் சிரட்டை, வெட்டின் ஓரத்தில் உறைந்த ஒட்டுப்பால், எல்லாம் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன்.

பார்த்தார். முகம் கோணியது. "சைக்கிள்" என்றார். காப்பியா என்று கேட்டேன். "சைக்கிள்! சைக்கிள்!" என்று இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்தார். பிறகு படத்தில் விரலை வைத்து, இடது மேலிருந்து வலது கீழாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நிற்கிற அத்தனை மரத்திலும் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது. என் படத்தில் மட்டும் வலது மேலிருந்து இடது கீழே. என் கை எந்தச் சாய்வில் கோடு போட்டுப் பழகியதோ அதே சாய்வில் வெட்டையும் போட்டுவிட்டது.

தாவரவியல் வகுப்பில் நீ தூங்கியதால் சொல்கிறேன்: பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் குழாய்கள் கூடுதலாக அறுபடும். ஒட்டு மரத்துக்குச் சாய்வு 30 டிகிரி. ஆயுள் முழுக்க விடியலில் எழுந்து அந்தச் சாய்வை இறக்கிய மனிதர் அவர். என் மரத்தில் பால் வெட்டினால் சிரட்டை நிறையாது என்பதுதான் அவருடைய கோபம்.

அதோடு நிற்கவில்லை. பேனாவைக் கேட்டுக் கை நீட்டினார், இடது கையை. தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். நடுக்கம் இருந்தது, சாய்வு தவறவில்லை. அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. பிசியோதெரபிக்காரர் அழுத்தச் சொன்ன பந்தை ஜன்னல் வழியாக எறிந்த அதே மனிதர், தாள் நிறைந்ததும் அடுத்த தாளுக்காக என்னைப் பார்த்தார்.

கரப்பானே, விழுந்த நாளிலிருந்து அவர் தானாகச் செய்யக் கேட்டது இது ஒன்றுதான். வங்கியில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கச் சொன்ன அன்று அவர் முகம் போன போக்கை நான் உனக்கு எழுதவில்லை, எழுத முடியவில்லை. இப்போது தினமும் கோடு போடுகிறார். ஆனால் எனக்கு இதில் ஒன்றும் உதவத் தெரியவில்லை. சாரும் வலது கைக்காரர். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தப் போய்த் திட்டு வாங்கினார். அந்த ஒரு சொல் மட்டும் சைக்கிளாக மாறாமல் தெள்ளத் தெளிவாக வந்தது. சார் கோபித்துக்கொள்ளவில்லை, சந்தோஷப்பட்டார்!

சார்தான் சொன்னார், லியொனார்டோ டா வின்சி (1452–1519) இடது கைக்காரராம். அவருடைய நிழல் கோடுகள் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்திருக்கும். என்னைப் போன்ற வலது கைக்காரர்களுக்கு எதிர்ச்சாய்வு. ஒரு படம் அவர் கையிலிருந்து வந்ததா என்று பார்ப்பவர்கள் கவனிக்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அப்படிப் பார்த்தால் குலசேகரத்து ரப்பர் மரங்கள் எல்லாமே லியொனார்டோ வெட்டியவைதான் என்றேன். அவருக்குக் கூலி எவ்வளவு என்று சார் கேட்டார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். கல்லூரியில் மையில் கை புரண்டு உன் சுண்டுவிரல் பக்கம் எப்போதும் நீலமாக இருக்கும். பிறகு நோட்டைத் திருப்பி வைத்து எழுதத் தொடங்கினாய், நீலம் போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினாய், எவ்வளவு திருப்பினாய்? கோடுகளை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாக நகர்ந்தால் கை மையில் படாது என்று நான் கணக்குப் போடுகிறேன். சரிதானா? பேனாவை எங்கே பிடிக்க வேண்டும்? நானே இடது கையால் போட்டுப் பார்த்தேன். அதை யாரிடமும் காட்டப்போவதில்லை. உன் கை இருக்கும் நிலையைப் படமாகவே வரைந்து அனுப்பு, சொற்களில் எழுதினால் எனக்குப் புரியாது. நீ பேனா தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்ற சாக்கெல்லாம் வேண்டாம். வகுப்பில் பாதிப்பேர் பாஸானது உன் கரப்பான்களால்தான்.

அதைவிட நல்லது, நேரில் வா. அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறிக் குழித்துறையில் இறங்கு, ஆளை அனுப்புகிறேன். மரச்சீனிக் கிழங்கும் மீனும் உண்டு, முழங்காலுக்கு ஏற்ற நாற்காலியும் உண்டு. வரும்போது 0.5 மி.மீ. நுனிப் பேனா வாங்கி வா, கறுப்பு மட்டும். 0.1 வேண்டாம், அப்பா அழுத்துகிற அழுத்தத்தில் நுனி உள்ளே போய்விடுகிறது. கெட்டித் தாள் கிடைத்தால் ஒரு கட்டு. பணத்தை இங்கே வாங்கிக்கொள், பிடிவாதம் பிடிக்காதே.

அன்புடன்,
ஓணான்