கிராம சபைப் பதிவேட்டில் பேச்சையும் எழுதுங்கள்

ஊராட்சிகளைக் கவனிக்கும் உயர் அலுவலர்களுக்கு, உள்ளாட்சி ஆய்வில் இருப்போரின் வணக்கம்.

கிராம சபைத் தீர்மான நகல் கேட்டு மனுப் போட்டால், பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் படிக்கத்தான் ஒன்றும் இருப்பதில்லை. 'பொருள்: குடிநீர். விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடுத்த பொருள் தெருவிளக்கு, அதே வரி. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, யார் கேட்டார், தலைவர் என்ன சொன்னார், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளர் வாய் திறந்தாரா என்று ஒரு சொல் கிடையாது. பக்கத்து ஊராட்சிப் பதிவேட்டை அருகில் வைத்தால் ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

வருகைப் பதிவேடும் அப்படித்தான். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று, கூட்டம் செல்லுபடியாக வர வேண்டியோருக்குக் குறைவெண் வரம்பு வைத்தீர்கள். 100 நாள் வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்தோ கைரேகையோ வைத்துவிட்டுப் போனாலும் வரம்பு நிறைந்துவிடும். இதை எண்ணி 'மக்கள் பங்கேற்பு' என்று அட்டவணை போட்டால் அது மை செலவானதன் கணக்கு.

2019இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கிப் பார்த்தது. பெண்கள் பேசுவது குறைவு, பேசினாலும் உரிய பதில் கிடைப்பது குறைவு என்று அதில் தெரிந்தது. உங்கள் பதிவேடுகளை மட்டும் வைத்து இதைக் கண்டிருக்கவே முடியாது. ஏகமனதுக்கு ஆண், பெண் ஏது?

கேட்பது இவ்வளவுதான்: பேச்சையும் எழுதுங்கள். பேசியவர் ஆணா பெண்ணா, எந்த வார்டு, கேட்டது என்ன, கிடைத்த பதில் என்ன என்று நான்கு கட்டம் போதும். பெயர் வேண்டாம், தலைவரைக் கேள்வி கேட்டவர் மறுநாளும் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் அங்கேயே வாசித்துக் காட்டிவிட்டு, ஏழு நாளில் இணையத்தில் ஏற்றுங்கள். சாய்ந்த கைபேசிப் படமாக அல்ல, தேடக்கூடிய எழுத்தாக.

ஒலிப்பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதித் தரும் 'சபாசார்' கருவியை ஒன்றிய அரசு 2025இல் கொண்டுவந்துவிட்டது என்பீர்கள். நல்லது. ஒரே ஒலிவாங்கி, அதுவும் மேடையில் என்றால் எந்தக் கருவிக்கும் தலைவர் குரல்தான் கேட்கும். பின்வரிசையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவது கேட்காது. ஆண்டுக்கு 6 கூட்டம், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். இத்தனை பேச்சும் காற்றோடு போகிறது.

கோபத்தில் எழுதியது போல் இருந்தால் பொறுத்தருளவும். அடுத்த கூட்டப்பொருள் சுற்றறிக்கையோடு அந்த நான்கு கட்டப் படிவத்தையும் இணைத்து அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.