வாசலைக் கூட்டியது நான்தான்

ட்வென்டிநைன் பாம்ஸ், கலிஃபோர்னியா
மார்ச் 11

மாப்ளே,

முதலில் திட்டி முடித்துவிடு. நவம்பரில் நீ போன் பண்ணி, மண் ஆய்வுக் குழுவில் நம்மை மேய்த்த சார் போய்விட்டார் என்று சேதி சொன்னாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் சாரைப் பற்றி எழுத வேண்டும், அது வரவில்லை. இன்றைக்கும் வருமா தெரியாது. வேறொன்றைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெறும் வயிற்றில் சர்க்கரை 118, சாப்பிட்டபின் எவ்வளவு என்று கேட்காதே. உன் முழங்கால் இன்னும் எண்ணெயில்தான் ஓடுகிறதா, இல்லை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? 'அரை லிட்டர்' பேத்தி கல்யாணத்துக்குப் போனாயாமே, படம் அனுப்பியிருந்தான். உன் தொப்பை அதில் தனியாகப் போஸ் கொடுக்கிறது. சரி.

நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். உன்னிடம்தான் சொல்ல முடியும், வேறு யாருக்கும் இது தப்பு என்றே புரியாது. மகளுக்கு வீடெல்லாம் புழுதி என்று கோபம், மருமகனுக்குச் சிரிப்பு. ராத்திரி தூக்கம் போனது எனக்கு மட்டும்தான்.

கேள். இந்த ஊர் மொஹாவி பாலைவனத்தின் தெற்கு ஓரம். பேரிலேயே இருபத்தொன்பது பனை இருக்கிறது. எல்லாம் விசிறிப் பனை, நுங்கு கிடையாது, விசாரித்துவிட்டேன். வருஷம் முழுக்கப் பெய்வது நூறு மில்லிமீட்டர் சொச்சம். அரூர் கேம்பில் நம் கூடாரத்தை அடித்துக்கொண்டு போன அந்த ஒரு ராத்திரி மழை இதைவிட அதிகம் இருக்கும். தெற்கே ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் குன்றுகள். அத்தனையும் கிரானைட், உருண்டை உருண்டையாக அடுக்கியிருக்கிறது. முதல் நாள் பார்த்தபோது செஞ்சிக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது.

அந்தப் பாறை தானாகவே உதிர்கிறது. அதில் இருக்கிற காக்காப்பொன்தான் முதலில் கெட்டுப்போகிறது. ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்து, பக்கத்தில் இருக்கிற வெங்கச்சங்கல்லையும் ஃபெல்ஸ்பார் என்கிற தாதுவையும் நெட்டித் தள்ளுகிறது. குன்றோரம் கையை வைத்து அழுத்தினால் பனங்கற்கண்டு மாதிரி மணி மணியாகக் கொட்டுகிறது. எப்போதாவது வருகிற பேய் மழை அதை அள்ளி வந்து அடிவாரத்தில் விசிறியாக விரித்துவிட்டுப் போகும். மகள் வீடு அப்படிப்பட்ட ஒரு விசிறியின்மேல்தான் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. வருஷத்துக்கு ஒருநாள் தண்ணீர் போனால் உண்டு. மாதுளைக்குக் குழி எடுக்கலாம் என்று கடப்பாரையோடு போனேன். கடப்பாரைக்கு வேலையே இல்லை, மண்வெட்டி போதும். மூன்றடி வரைக்கும் ஒரே பருமணல். நடுவில் பொடிச் சரளை ஒரு வரி, மறுபடி மணல், மறுபடி சரளை. ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளம். நிறம் வெளிறிய பழுப்பு. கரிமச்சத்து பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் இல்லை. ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன், பத்து எண்ணுவதற்குள் காணோம். காக்காப்பொன் மட்டும் வெயிலில் மினுமினுக்கிறது. அதைப் பொன் என்று நம்பி டவுசர் பையில் கட்டிவைத்து ஆசாரியிடம் கொண்டுபோன மகானுபாவன் யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தில் இந்த மண்ணுக்குக் கஹோன் என்று பெயர். கிரானைட்டிலிருந்து வந்த மணல் வண்டல், வகை டாரிசாம்மென்ட், அதாவது வறண்ட ஊர் மணல்மண். ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தில் மட்டுமே பார்த்த பெயர். நாம் ஜீப்பில் உரக்கப் படித்துக்கொண்டு போக, டிரைவர் அண்ணன் "யாருப்பா அந்த டோரி சாமி, எந்த ஊர்க் கோயில்?" என்று கேட்டாரே. நாற்பது வருஷம் கழித்து டோரி சாமி தரிசனம் கிடைத்துவிட்டது. பாதம் வரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு முன்பக்கம் வேறு கதை. அங்கே நிலம் நாலைந்து அடி மேடு. அதே விசிறிதான், ஆனால் ஓடை ஆழமாக வெட்டிக்கொண்டு விலகிப்போனதால் வெள்ளம் ஏறாமல் விட்டுப்போன பழைய பரப்பு. தரை முழுக்கக் கல் பாவியது போலப் பொடிக்கற்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, மேல்பக்கம் கருப்பாக எண்ணெய் தடவினது மாதிரிப் பளபளப்பு. கிரானைட் கல் அதில் அபூர்வம், அதுதான் உதிர்ந்துபோகுமே. எஞ்சி நிற்பது நைஸ் (gneiss) என்கிற கருநிறப் பாறைத் துண்டும் வெங்கச்சங்கல்லும்.

போகி அன்று காலையில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. பேத்திக்கு முதல் முதலாக வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. இந்தக் கல் இருந்தால் எப்படிக் கோலம் போடுவது? பழையதைக் கழிக்கிற நாள்தானே என்று இரும்பு வாரியை எடுத்து, பத்தடிக்குப் பதினைந்தடி, ஒரு கல் விடாமல் வாரி ஓரத்தில் குவித்துவிட்டேன். மண் ஆய்வுக் குழுவில் முப்பத்தொரு வருஷம் இருந்த நான்.

கல்லுக்குக் கீழே மாவு மாதிரி வெளிர்மண், இரண்டு விரற்கடை கனம். ஒரு கட்டியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டித் துளை, ஆப்பத்தின் நடுப்பக்கம் மாதிரி. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். "அடடே, அழகாக இருக்கிறதே" என்று தண்ணீர் தெளித்தேன். உள்ளே இறங்கவில்லை, அப்படியே நின்றது, ஓரமாக வழிந்தது. கோலம் நன்றாகத்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி கடைசியில் காற்று கிளம்பியது. மூன்று நாள். கோலம் போட்ட இடம் அப்படியே எழுந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தது. சோற்றில் நறநற. மகள் டாக்டர் அல்லவா, புழுதியைவிட அதில் இருக்கக்கூடிய பூஞ்சையை நினைத்துப் பயந்தாள். இந்தப் பாலைவன மண்ணைக் கிளறினால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று ஒன்று நுரையீரலைப் பிடிக்குமாம். எனக்குப் பத்து நாள் இருமல். ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் என்ன இருமலோ என்று அந்தப் பத்து நாளும் பேத்தி என் அறைப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. அவள் கதவுக்கு வெளியே நின்று "தாத்தா, செத்துட்டியா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லை" என்பேன்.

இதற்கு நடுவில் மருமகன் தண்ணீர்க் குழாய்க்காக முன்பக்கம் ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார். இருமல் நின்றதும் போய் அதற்குள் இறங்கினேன். இறங்கினதும் எனக்குக் கை நடுங்கியது, மாப்ளே. பின்னால் இருப்பதும் இதுவும் ஒரே மலை தந்த மணல் என்றால் நீ நம்பமாட்டாய். மேலே அந்தத் துளை விழுந்த வெளிர்மண். அதற்குக் கீழே அரையடிக்குச் செம்மண் சாயல், எச்சில் தொட்டு உருட்டினால் நாடா வருகிறது, களி இருக்கிறது என்று அர்த்தம். இந்த வறட்சியில் ஃபெல்ஸ்பார் எப்போது களியானது? அதற்கும் கீழே சரளை. ஒரு கல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். மேல்பக்கம் சுத்தம், அடிவயிற்றில் மட்டும் வெள்ளைப் பூச்சு. சமையலறை வினிகரை ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. இறங்கி வருகிற தண்ணீர் கல்லின் அடியில் தொங்கிக்கொண்டு காய்கிறது, சுண்ணாம்பு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஒன்றரையடி தாண்டினால் சரளைக்கு நடுவிலும் வெள்ளை, நம் ஊர்ச் சுக்கான்பாறைக்குத் தம்பி மாதிரி. சுமாராக மழை எட்டுகிற ஆழம் அது. ஈரம் அதிகமாக இருந்த பழைய காலத்து மழையும் அதில் கணக்கு வைத்திருக்கும்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கிரானைட்டில் சுண்ணம் கொஞ்சம்தான், அதுவும் இந்த வறட்சியில் எளிதில் வெளியே வராது. அப்படியானால் இவ்வளவு வெள்ளை எங்கிருந்து? பேத்தியின் டேப்லெட்டில் ராத்திரியெல்லாம் தேடிப் படித்தேன். தூசி! வறண்டு கிடக்கும் ஏரிப் படுகைகளிலிருந்து காற்று அள்ளி வருகிற தூசி. நியூ மெக்சிகோவில், எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிற ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பை வைத்துப் பார்த்ததில், அங்கே மண்ணுக்குள் இருக்கும் சுண்ணாம்பில் பெரும்பங்கு தூசியும் மழையும் கொண்டுவந்தது என்று தெரிந்திருக்கிறது. களியிலும் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். கிரானைட் கொடுத்தது எலும்புக்கூடு மட்டும், சதையெல்லாம் வெளியூர். இந்த இடத்தில் நீ என்னைப் பற்றி ஒரு வசனம் விடுவாய் என்று தெரியும். விடாதே.

இன்னும் கேள். கல் பாவிய தரை எப்படி வருகிறது என்று கல்லூரியில் என்ன படித்தோம்? காற்று பொடிமண்ணை ஊதிவிடும், கல் மிஞ்சும் என்று. நான் பரீட்சையில் எழுதி, நீ என்னைப் பார்த்து எழுதினாய். பல இடங்களில் அது தலைகீழ். இதே மொஹாவியில் சீமா என்று ஓர் எரிமலைப் பகுதி. 1995இல் அங்கே கற்களின் வயதைக் கணக்கிட்டார்கள். கல் பாவியது எத்தனை காலமாக வெயில் பார்த்திருக்கிறதோ, பக்கத்தில் இருக்கிற எரிமலைக் குழம்புப் பாறையும் அத்தனை காலம்தான். அந்தக் கற்கள் ஒருநாளும் மண்ணுக்குள் போகவே இல்லை. தூசி வந்து கல் இடுக்கில் இறங்கி, அடியில் சேர்ந்து சேர்ந்து, கல்லை மேலே தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பத்தாயிரக்கணக்கான வருஷம். நான் வாரியால் இழுத்தது முக்கால் மணி நேரம்.

ஆறுமா என்று கேட்பாய். 1942இலிருந்து 1944 வரை இந்தப் பாலைவனத்தில் ஜெனரல் பேட்டன் தொடங்கிய ராணுவப் பயிற்சி முகாம் நடந்தது. அன்றைக்கு டாங்கி ஓடிய தடம் இன்றைக்கும் தரையில் தெரிகிறது. ஆறுகிற லட்சணம் அதுதான்.

நடுவில் ஒன்று, மறந்துவிடுவேன். எந்த மண் செடிக்கு நல்லது சொல்? முன்பக்கம்தான், களி இருக்கிறது, ஈரம் பிடிக்கும் என்பாய். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். போய்ப் பார்த்தால் இங்கே எங்கும் இருக்கிற கிரியோசோட் புதர் மேட்டில் என் இடுப்புக்கு, அங்கொன்று இங்கொன்று. ஓடையோரத்து மணலில் என் தலைக்குமேல். காரணம் எளிது. ஓர் அங்குல மழை பெய்தால் மணலில் ஓரடி இறங்கிப் பத்திரமாக இருந்துகொள்ளும், வெயில் அதைத் தொட முடியாது. மேட்டில் பாதி வழிந்து ஓடும், மீதி மேலாக நின்று இரண்டு நாளில் ஆவியாகும். ஈரமான ஊரில் மணல் ஏழை, வறண்ட ஊரில் மணல் பணக்காரன். நாம் இத்தனை காலம் மணல் என்றால் மூக்கைச் சுளித்தோமே. மாதுளையை ஓடைப்பக்கம்தான் வைத்தேன், துளிர்த்திருக்கிறது.

இப்போது சார். மண் கண்டம், அதாவது குழியில் தெரிகிற மண் அடுக்கு, எழுதுகிற தாளில் முதல் பக்கத்திலேயே "மேற்பரப்புக் கல்" என்று ஒரு கட்டம் உண்டு. நான் ஜீப்பில் உட்கார்ந்தபடியே அதில் "இல்லை" என்று எழுதிவிடுவேன், உனக்குத் தெரியும். ஒருநாள் சார் அதைப் பார்த்தார். திட்டவில்லை. ஜீப்பை விட்டு இறங்கச் சொன்னார். பதினாலு கிலோமீட்டர், சைக்கிளில் போய், ஒரு சதுர மீட்டரில் எத்தனை கல் என்று எண்ணி எழுதிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தேன். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "குழிக்குள்ள இருக்கிறது ஓடாது தம்பி, மேல இருக்கிறதுதான் போயிடும், அதை முதல்ல எழுது" என்றார். நீதான் எனக்குச் சோறு போட்டாய், கத்தரிக்காய்க் குழம்பு.

பள்ளத்துக்குள் நின்றபோது அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நவம்பரில் வராத அழுகை. மகள் எட்டிப் பார்த்து, நெஞ்சு வலி என்று நினைத்து ஓடி வந்தாள்.

மூன்று வாரமாகக் கல்லைத் திரும்பப் பரப்பிக்கொண்டிருக்கிறேன். தரை முன்போல ஆகாது, தெரியும். காற்றையாவது கொஞ்சம் தடுக்கும். பேத்திக்கு வேலை சொல்லிக் கொடுத்தாயிற்று: கருப்புப் பக்கம் வெயிலுக்கு, ஆரஞ்சுப் பக்கம் மண்ணுக்கு. மண்ணில் பதிந்திருந்த பக்கம் ஆரஞ்சாகத்தான் இருக்கிறது, தப்பவே தப்பாது. அவள் என்னைவிட வேகம். நான் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டால் எடுத்துத் திருப்பிவைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். யார் பார்வை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் நாலடி அகலம் பாக்கி. முதுகு பிடித்திருக்கிறது. சாரின் வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், நான் தனியாக எழுதுகிறேன். அவருடைய அந்த அமிலக் குப்பி, தோல் உறை போட்டது, அது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவை. வினிகர் சரிப்படவில்லை.

எக்ஸ்ரே எடுத்தாயா இல்லையா, அதை எழுது.

உன்
ஒட்டடை